காயும் வரை தொடாதே

பெண்களுக்கென்று ஒதுக்கித் தரப்பட்ட வண்ணங்கள் சில உண்டு: கோலப்பொடி, மருதாணி, நகப்பூச்சு, புடவைக்குப் பொருந்தும் ஜாக்கெட் துணி. கார் பெயின்ட் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று ஆண்டுகளாக நான் சிறிய பிளாஸ்டிக் மாதிரிக் கார்களை ஒட்டி, வண்ணம் பூசி வருகிறேன். வாரநாட்களில் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் முகமூடி போட்டுக்கொண்டு ஸ்பிரே டப்பாவைக் குலுக்குகிறேன். கடையில் பெட்டியை எடுத்தால் "பையனுக்கா மேடம்?" என்பார்கள். எனக்கு இருப்பது மகள். அவளுக்கும் இல்லை. "எனக்குத்தான்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் விழும் ஒரு நொடி மௌனம் பழகிவிட்டது.

இந்த ஆண்டு செய்தது மினி கூப்பர், 1:24 அளவு. உண்மை வண்டியின் நீளம் ஏறத்தாழ 3.05 மீட்டர். என் கையில் அது 12.7 சென்டிமீட்டர். மினி என்றால் கார்ப் பிரியர்கள் 1964-ஆம் ஆண்டு மோண்டே கார்லோ ரேலியையும் அதில் வென்ற பேடி ஹாப்கிர்க்கையும் சொல்வார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1962-இல், நெதர்லாந்தின் துலிப் ரேலியில் மினி கூப்பருக்கு முதல் பெரிய சர்வதேச வெற்றியைத் தேடித் தந்தவர்கள் இரண்டு பெண்கள். ஓட்டியவர் பேட் மாஸ், வழி சொன்னவர் ஆன் விஸ்டம். அதே இருவர் 1960-இல் லியேஜ்-ரோம்-லியேஜ் என்ற கடுமையான நெடும்பந்தயத்தையும் ஆஸ்டின் ஹீலி 3000 காரில் வென்றிருந்தார்கள்.

அந்தக் கால ரேலிகளில் பெண்களுக்குத் தனிக் கோப்பை உண்டு. அதையும் பேட் மாஸ் பலமுறை வாங்கியிருக்கிறார். ஆனால் நான் சொன்ன இரண்டும் அந்தக் கோப்பைகள் அல்ல. ஆண்களும் ஓடிய பந்தயத்தின் முதலிடம். இதைப் படித்தபோது எங்கள் இலக்கியக் கருத்தரங்குகள் நினைவுக்கு வந்தன. காலையில் 'தற்காலக் கவிதை' அமர்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பின், பாதி நாற்காலிகள் காலியானதும், 'பெண் கவிஞர்கள்' அமர்வு. தனிக் கோப்பை மரியாதைதான். ஆனால் அதை வாங்கியவளின் பெயரைப் பொதுப் பட்டியலில் தேட வேண்டாம் என்றும் அது சொல்லிவிடுகிறது.

ஆகவே, என் மினி அவர்கள் ஓட்டிய வண்டியாக வேண்டும்: சிவப்பு உடல், வெள்ளைக் கூரை.

எந்தச் சிவப்பு? டப்பாக்களில் ஃபெராரியை நினைவூட்டும் இத்தாலியச் சிவப்பு இருக்கிறது, ஆரஞ்சு கலந்தது இருக்கிறது, மினுமினுப்புத் தூள் சேர்ந்தது இருக்கிறது. மினுமினுப்பு கூடவே கூடாது. இவ்வளவு சிறிய உடலில் அந்தத் துகள்கள் கூழாங்கல் மாதிரித் தெரியும். அளவு சுருங்கும்போது நிறத்தின் கனமும் மாறுகிறது. ஓர் அடி தூரத்தில் வைத்து இதைப் பார்ப்பது, உண்மைக் காரை 24 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்துப் பொருள் சற்று வெளிறித் தெரியும் அல்லவா? அதனால் அசல் நிறத்தைவிட ஒரு துளி இளசாகத் தேர்ந்தால்தான் கண் நம்பும்.

அடுத்து, அடிப்பூச்சு. உடலைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, வார்ப்பின் பிசுக்கைப் போக்கி, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து பிரைமர் அடிக்க வேண்டும். சாம்பல் பிரைமர்மேல் சிவப்பு மங்கும், வெள்ளைமேல் எழும்பும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். கூரைக்கு வெள்ளை அடித்து, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டி, அதன் விளிம்பில் மறுபடி கொஞ்சம் வெள்ளையையே தெளிப்பேன். டேப்புக்கு அடியில் எது கசிந்தாலும் வெள்ளைதான் கசியும். அதன்பிறகு சிவப்பு வந்தால் கோடு கத்தியால் கீறியதுபோல் நிற்கும்.

ஸ்பிரேயை 15, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதலில் பனி விழுந்த மாதிரி ஒரு மென்பூச்சு. பிறகு ஈரம் தெரியும் பூச்சுகள் இரண்டோ மூன்றோ. மழைநாளில் அடிக்கக்கூடாது. லேக்கரின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படிந்துவிடும். நிறம் வெள்ளை பூத்துப்போகும். சித்திரை வெயிலிலும் ஆகாது. துளி காரைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். எங்கள் ஊருக்கு மாசி மாதக் காலை சரியாக இருக்கிறது. இன்னொரு விதி: காய்ந்த லேக்கர்மேல் எனாமல் பூசலாம், எனாமல்மேல் லேக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கிக் கிழியும். அதனால் உடலுக்கு லேக்கர் ஸ்பிரே. கதவுப் பிடி, கண்ணாடி ரப்பர் போன்றவற்றுக்குத் தூரிகையால் எனாமல்.

இவ்வளவுக்கும் பிறகு செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. காயும் வரை யாரும் தொடக்கூடாது.

'தொடாதே' என்பதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மாதத்தில் மூன்று நாள் ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, பூச்செடியைத் தொடாதே, சாமி படத்தைத் தொடாதே. நாம் தொட்டால் பொருள் கெட்டுவிடும் என்று சொல்லப்பட்டது. என் வீட்டில் அதைச் சொன்னவர் அம்மா. அவருக்கு அவருடைய மாமியார் சொன்னது. இப்போது நான் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தூசி விழாமல் மூடி, "யாரும் தொடாதீங்க" என்கிறேன். என்னை ஒதுக்கிவைத்த அதே சொல், நான் செய்த ஒன்றைக் காத்து நிற்கிறது. இந்த வீட்டில் என் மேசை, என் புத்தகம், என் மாலைநேரம் எல்லாவற்றையும் எவரும் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஈரப் பெயின்டை அப்படி எடுக்க முடியாது. கைரேகை பதிந்துவிடும்.

எண் பலகையை மட்டும் கையால் எழுதினேன்: 737 ஏபிஎல். துலிப் ரேலி வண்டியின் எண். பெட்டியில் இருப்பது பின்னாளைய 1275 எஸ் மாதிரி என்று நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த ஒட்டுத்தாளில் இவர்கள் எண் இல்லை; அதனால் எழுதினேன்.

பெயின்ட் காய்ந்ததா என்று அறிய விரல் வேண்டாம், மூக்கு போதும். வாடை வந்தால் உள்ளே இன்னும் ஈரம். அம்மாவுக்கு இதைச் சொல்லியிருந்தேன். நான்காம் நாள் கல்லூரியிலிருந்து வந்தபோது, எழுபது வயதில் அவர் குனிந்து பெட்டியின் விளிம்பைத் தூக்கி மோந்துகொண்டிருந்தார். என் மகள் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வாடை போகலடி. உங்கம்மா கார் அது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அவளிடம்.