இலங்கை கிடைக்காத வீடணன்

மதுரைக்காரர்களுக்குச் சுவரொட்டியும் ஒரு நாளிதழ்தான். தேர்தல் நெருங்கும் பருவத்தில் பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றியுள்ள சுவர்களைப் படித்துக்கொண்டு நடந்தால், சென்ற மாதம் ஒரு தலைவரை வாழ்த்திய அதே பெயர் இந்த மாதம் வேறு வண்ணத்தில் வேறொரு தலைவரை வாழ்த்திக்கொண்டிருப்பதைக் காணலாம். படிப்பவர் எவரும் வியப்பதில்லை. வாடகை வீடு மாறுவதைப் போலக் கட்சி மாறுவதும் இயல்பாகிவிட்டது. இத்தகைய காலத்தில் ஈ.வெ.கி. சம்பத்தை நினைவுகூர்வது நமக்குத் தேவையாகப் படுகிறது.

சம்பத் (1926 - 1977) பெரியாரின் தமையனார் மகன். 1949இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியபோது, சிற்றப்பாவை விட்டு அண்ணாவுடன் நடந்தார். கழகத்தின் ஐம்பெருந்தலைவர்களுள் ஒருவரானார். 1957 தேர்தலில் நாமக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். அன்று கழகத்துக்கு மக்களவையில் கிடைத்த இடங்கள் இரண்டே. இந்தி பேசாத மக்கள்மீது இந்தி திணிக்கப்படாது என்று 1960இல் நேரு எழுத்தில் உறுதியளித்ததும் சம்பத்துக்கு எழுதிய கடிதத்தில்தான். மேடையில் அவரைச் 'சொல்லின் செல்வர்' என்று அழைத்தனர். அது கம்பன் அனுமனுக்குச் சூட்டிய பெயர். கம்பனைக் கடுமையாகச் சாடிய ஓர் இயக்கம் தன் பேச்சாளருக்குக் கம்பனிடமிருந்தே பட்டம் எடுத்துக்கொண்டது, தமிழ் நடத்துகிற நமக்கு எப்போதும் சுவையாகவே இருந்துவருகிறது.

1961இல் சம்பத் கழகத்தை விட்டு வெளியேறினார். திராவிட நாடு என்னும் தனிநாட்டுக் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது, மக்களிடம் அதை வாக்குறுதியாகச் சொல்லிக்கொண்டிருப்பது முறையன்று என்பது அவர் வாதம். திரைத்துறையினரின் செல்வாக்குக் கட்சிக்குள் வளர்வதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் அவருடன் வெளியேறியவர்களுள் முதன்மையானவர், திரைப்பாடலால் நாடறிந்த கண்ணதாசன்! வரலாற்றுக்கும் நகைச்சுவை உண்டு. இருவரும் சேர்ந்து தமிழ்த் தேசியக் கட்சியைக் கண்டனர். 1962 தேர்தலில் அக்கட்சி போட்டியிட்ட இடங்களிலெல்லாம் தோற்றது. திமுக 50 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. 1964இல் சம்பத் தம் கட்சியைக் காங்கிரசில் இணைத்தார்.

நம் தாய்வழிப் பாட்டனார் சம்பத்தின் பின்னே போனவர்களுள் ஒருவர். நூற்பாலைத் தொழிலாளி. கண்ணதாசனின் 'தென்றல்' இதழைப் படிப்பகத்தில் உரக்கப் படித்து, எழுத்தறியாத தோழர்களுக்குப் பொருள் சொன்னவர். 1961க்குப் பிறகு அந்தப் படிப்பகத்தின் வாசல் அவருக்கு மூடிக்கொண்டது. அதைவிடக் கொடுமை, அவருடைய மைத்துனர் ஒரு காதணி விழாவில், பந்தியில் அமர்ந்திருந்தவரைப் பார்த்து 'வீடணன்' என்று சொல்லிவிட்டார். திராவிட இயக்க மேடைகளில் அச்சொல்லுக்கு இனத்துரோகி என்பதே பொருள். பாட்டனார் இலையை மூடிவிட்டு எழுந்தார். பின்னர்ப் பல ஆண்டுகள் இரு வீடுகளுக்கும் போக்குவரத்து இல்லை. 1967இல் கழகம் ஆட்சியைப் பிடித்தபோது, அந்த மைத்துனர் தெருவெங்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு வந்தவர் பாட்டனார் வீட்டை மட்டும் தாண்டிப் போனாராம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம், மிட்டாயை மறுத்தது தம் உடன்பிறந்தவராயிற்றே என்ற வருத்தமும் உடன் வரும்.

இடையில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1962இல் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காக முழங்கிய அண்ணா, அவ்வாண்டு சீனப் போர் மூண்டதும் அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். 1963இல் பிரிவினைக்கு எதிரான 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. கழகம் தன் சட்டதிட்டத்தையே திருத்திக் கோரிக்கையைக் கைவிட்டது. 'நாடு இருந்தால்தான் கட்சி' என்னும் பொறுப்புணர்வும், கட்சியைக் காக்கும் மதிநுட்பமும் அம்முடிவில் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் சம்பத் 1961இல் சொன்னதுதான் 1963இல் கழகத்தின் நிலைப்பாடாயிற்று. கட்சி நகர்ந்தால் அது காலமறிதல். தனி மனிதர் இரண்டாண்டு முன்னதாக நகர்ந்தால் அது துரோகம். பாட்டனார் முதுமையில் ஒருமுறை நம்மிடம் சொன்னார்: "நான் விட்டதை அவுகளும் ரெண்டு வருசத்துல விட்டுட்டாக. என்னய மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடலப்பா."

கம்பனின் யுத்த காண்டத்தை வகுப்பில் நடத்தும்போது, கும்பகருணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் இடத்தில் மாணவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவர். இருவருமே இராவணன் செய்தது தவறு என்று அவனிடம் எடுத்துரைத்தவர்கள். ஒருவன் வெளியேறினான், மற்றவன் தவறென்று தெரிந்தும் அண்ணனுக்காக நின்று மடிந்தான். பட்டிமன்றங்களில் கைத்தட்டல் பெரும்பாலும் கும்பகருணனுக்கே கிடைக்கும். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "ஐயா, வீடணனுக்குக் கடைசியில் இலங்கை கிடைத்ததே, அதனால்தானே அவன்மேல் நமக்குச் சந்தேகம்?" என்று கேட்டார். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார் அந்தப் பெண்.

சம்பத்தை அளக்க அக்கேள்வியே போதும் என்பது நம் எண்ணம். அவர் சேர்ந்த காங்கிரஸ், மூன்றே ஆண்டுகளில் தமிழகத்தில் ஆட்சியை இழந்தது. இன்றுவரை அதை மீட்கவில்லை. வெல்லப்போகும் அணியிலிருந்து தோற்கப்போகும் அணிக்குப் போனவர் அவர். 1967இல் ஆட்சியமைத்தவர்களின் வரிசையில், வெளியேறாதிருந்தால் அவருக்கும் ஓர் இடம் இருந்திருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

பிற நாடுகளிலும் இக்கேள்வி உண்டு. கனடாவில் 2005 மே மாதம் பெலிண்டா ஸ்ட்ரோனக் என்னும் உறுப்பினர் கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து ஆளும் லிபரல் கட்சிக்கு மாறி, உடனே அமைச்சரானார். சில நாள்களில் வந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் இரு பக்கமும் சமமாகி, அவைத்தலைவரின் வாக்கால் பால் மார்ட்டின் அரசு பிழைத்தது. அங்கு மாறியவர் பதவி இழப்பதில்லை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, தனி ஒருவராகக் கட்சியை விட்டால் உறுப்பினர் பதவி போகும். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து மற்றொரு கட்சியில் இணைந்தால் போகாது. மனச்சான்றின்படி தனியே நடப்பவருக்குத் தண்டனை, கூட்டமாகப் பேரம் பேசுவோருக்குப் பாதுகாப்பு! சம்பத் இன்று இருந்திருந்தால் வெளியேறிய அன்றே பதவி ஆட்டங்கண்டிருக்கும்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. தலைமைப் போட்டி அவ்விலகலில் கலந்திருந்தது. கொள்கையும் மனத்தாங்கலும் தனித்தனிப் பாத்திரங்களில் வைக்கப்பட்டவையல்ல. புதுக் கட்சியை மூன்றாண்டுகூடத் தனியே நடத்த முடியாமல் கலைத்ததும் குறையே. அவர் மறைவுக்குப் பின் துணைவியார் சுலோசனா சம்பத் அதிமுகவிலும், மகன் இளங்கோவன் காங்கிரசிலும் தலைவர்களாக விளங்கினர். ஒரு குடும்பத்துக்குள்ளேயே தமிழக அரசியல் முழுவதும் அடங்கிவிட்டது போலும்.

கண்ணதாசனின் 'வனவாசம்' நூலை நண்பர்கள் பலர் படித்திருப்பர். கழக வாழ்வைக் கசப்போடு சொல்லும் நூல் அது. அக்கசப்பை மட்டும் சுவைத்துவிட்டு மூடிவைக்காமல், 1961க்கும் 1967க்கும் இடைப்பட்ட ஆண்டுகளையும் உடன் வைத்து அதைப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். கண்ணதாசனுக்கு 1978இல் எம்.ஜி.ஆர். அரசவைக் கவிஞர் என்னும் சிறப்பளித்தார். தம்மைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. கவிஞனைத் தமிழகம் மன்னித்து அழைத்துக்கொண்டது. சம்பத்தோ அதற்கு முந்தைய ஆண்டே, 51 வயது நிறையுமுன் மறைந்துவிட்டார். அவர் பின்னே போன பெயர் தெரியாத தொண்டர்களை அழைப்பதற்கு எவரும் இருக்கவில்லை. கட்சி மாறிய ஒருவரைப் பழிக்கும் முன், அவர் போன இடத்தில் என்ன கிடைத்தது என்பதோடு, விட்டுவந்த இடத்தில் என்னென்ன போயிற்று என்பதையும் கேட்பதே முறை.