ஆயா காட்டிய கொள்ளைக்காரர்

பள்ளி ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்குக் கடற்கொள்ளைக்காரன் வேஷம் என்று முடிவானதும் கடலூர் ஓ.டி.யில் அந்த வீடு ஒரு வாரம் அமர்க்களப்பட்டது. கறுப்பு சார்ட் பேப்பரில் ஒற்றைக் கண் பட்டை. அட்டையில் வெட்டிய கத்தி, அதன் மேல் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாள். தலையில் அம்மாவின் சிவப்பு துப்பட்டா. நான்காம் வகுப்புப் பையன் கண்ணாடி முன் நின்று உறுமி உறுமிப் பார்த்துக்கொண்டான்.

போட்டியில் இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு வழக்கம்போல பாரதியாருக்குப் போனது.

"வெளிநாட்டுல எல்லாம் இதுக்குத் திருவிழாவே இருக்கு ஆயா. ஊரே கொள்ளைக்காரன் வேஷம் போட்டுக்கிட்டுக் கப்பல்ல வருமாம். போன்ல பார்த்தேன்" என்றான் பையன், ஏக்கத்தோடு.

அவன் சொன்னது சரிதான். அமெரிக்காவின் டாம்பா நகரில் 1904 முதல் காஸ்பரில்லா என்று ஒரு விழா நடக்கிறது. ஹோஸே காஸ்பர் என்ற கொள்ளைக்காரனின் பெயரில் கப்பலேறி வந்து ஊரைப் பிடிப்பதுபோல நடிப்பார்கள். இத்தனைக்கும் அந்த காஸ்பர் கதையில் மட்டுமே வாழ்ந்தவன்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆயா நிமிரவில்லை. "நம்ம பக்கமும் இருக்கு. சாமியையே வழிமறிச்சு நகையைப் பிடுங்கின ஆளு. பங்குனியில வரும், காட்டுறேன்" என்றார்.

அடுப்படியில் இருந்த மருமகள் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மூன்று வருடமாக அத்தை அந்தத் திருவிழாவின் பெயரைக்கூட எடுத்ததில்லை.

ஆயாவின் பிறந்த வீடு சீர்காழிப் பக்கம். கல்யாணமாகிக் கடலூர் வந்த பிறகும் பங்குனி மாதம் திருநகரி வேடுபறியை அவர் தவறவிட்டதில்லை. கைக்குழந்தையோடு போயிருக்கிறார். கணவர் இறந்த மறு வருடமும் போயிருக்கிறார். நின்றது மூன்று வருடங்களுக்கு முன்னால்தான். பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்த ஒன்பது பவுன் ஒரு நாள் காணாமல் போனது. கதவு உடையவில்லை, பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் தெரிந்தவன் எடுத்திருந்தான். இளைய மகன். போனில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத்தில் கடன் ஏறி, அதை அடைக்க அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போய், அங்கிருந்து திரும்பவேயில்லை. "என் மூஞ்சியில முழிக்காதே" என்று அவர் சொன்ன அன்று இரவே அவன் திருப்பூர் பஸ் ஏறிவிட்டான். பனியன் கம்பெனியில் வேலை. மனைவிக்குப் பணம் அனுப்புகிறான், பேசுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆயாவின் போனும் அடிக்கும். அவர் எடுக்க மாட்டார். அடித்து ஓயும்.

அந்த வருடம் பங்குனி வந்தபோது, "திருடனைக் கும்பிட எனக்கு மனசு வரலை" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். பையன் அந்த இளைய மகனின் பிள்ளை.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஆயாவும் பேரனும் ஓ.டி.யில் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். பையன் கண் பட்டையை எடுத்து வந்திருந்தான். அட்டைக் கத்தி கூடாது என்று அம்மா சொன்னதால், அது ஆயாவின் கட்டைப் பையில் ரகசியமாகப் பயணம் செய்தது.

கடலூர்க்காரர்களுக்குக் கொள்ளைக் கதை புதிதல்ல. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான நிலமும் கம்பெனிக்கே என்று பேச்சு. கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் அவர்களுக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து 1695-ல் ஹென்றி எவரி என்ற கடற்கொள்ளைக்காரன் ஔரங்கசீப்பின் கப்பலைச் சூறையாடினான். அவனைப் பிடிக்க உலகமே தேடியது. பீரங்கி சுட்டவர்களை யாரும் தேடவில்லை. அவர்கள் கையில் பத்திரம் இருந்தது.

பஸ்ஸில் ஆயா கதையை ஆரம்பித்தார். திருமங்கை ஆழ்வாரின் இயற்பெயர் நீலன். திருநகரிக்குப் பக்கத்துக் குறையலூரில் பிறந்தவர், சோழ ராஜாவின் படைத்தலைவர், ஆலிநாட்டின் குறுநில மன்னர். குமுதவல்லி என்ற பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டார். தினமும் 1008 அடியார்களுக்கு ஒரு வருடம் சோறு போட வேண்டும் என்று அந்தப் பெண் நிபந்தனை போட்டாள். ராஜாவுக்குக் கட்ட வேண்டிய வரிப்பணம் சோற்றில் கரைந்தது. பிறகு சொந்தப் பணம். அதுவும் தீர்ந்த பிறகு வழிப்பறி.

"அவருக்கு நாலு கூட்டாளிங்க. நீர்மேல் நடப்பான். தண்ணி மேல நடப்பான். நிழலில் ஒதுங்குவான். யார் நிழல் கிடைச்சாலும் அதுல மறைஞ்சிக்குவான். தாளூதுவான். ஊதினா பூட்டு திறந்துக்கும்."

"நாலாவது?"

"தோலா வழக்கன். பேச்சுல அவனை யாரும் ஜெயிக்க முடியாது" என்ற ஆயா ஜன்னல் பக்கம் திரும்பினார். "உங்கப்பன் மாதிரி."

பையன் நான்கு பெயர்களையும் விரல் விட்டு மனப்பாடம் செய்தான். கப்பல் இல்லையே என்பது மட்டும் அவனுக்குக் குறை. ஆயாவிடம் அதற்கும் கதை இருந்தது. ஒரு கப்பல் நிறைய வியாபாரி பாக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். ஆழ்வார் ஒரு பாக்கை எடுத்து இரண்டாக உடைத்தார். பாதியை அவன் சரக்கோடு சேர்த்துவிட்டு, 'கப்பலில் இருக்கும் பாக்கில் பாதி இவருடையது' என்று எழுதி வாங்கிக்கொண்டார். அரைப் பாக்குதானே என்று வியாபாரியும் எழுதிக் கொடுத்தான். கரை சேர்ந்ததும் மொத்தச் சரக்கில் பாதியைக் கேட்டார் ஆழ்வார். குருபரம்பரைக் கதைகளில் வருவது இது. வந்த பணம் ஸ்ரீரங்கம் கோயில் மதில் கட்டும் திருப்பணிக்குப் போனதாம்.

"இது சீட்டிங் ஆயா!" என்றான் பையன், பரம சந்தோஷத்தோடு. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சிதம்பரத்தில் இறங்கிக் கோயிலுக்குப் போனார்கள். நடராஜர் சந்நிதிக்கு முன் ஓர் இடத்தில் நின்றுகொண்டால் அங்கிருந்தே கோவிந்தராஜப் பெருமாளையும் சேவித்துவிடலாம். தில்லைத் திருச்சித்திரகூடம் என்று பாடல் பெற்ற சந்நிதி அது. குலசேகர ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடியிருக்கிறார்கள். கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்தைப் பாடிய ஆழ்வாரோ இவர் ஒருவர்தான். ஆயா இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பையனின் மனம் வெளியே கொத்சு வாசனையில் இருந்தது. சிதம்பரத்தில் இறங்கி இட்லிக்கு கொத்சு தொட்டுக்கொள்ளாமல் போவது ஆயாவின் கணக்கிலும் பாவம்தான். ஆளுக்கு நான்கு இட்லி ஆனது.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது பையன் கேட்டான்: "கொள்ளிடம்னா கொள்ளையடிக்கிற இடமா?"

காவிரி வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று விளக்க ஆரம்பித்த ஆயா பாதியில் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

சீர்காழியில் ஆயாவின் தம்பி லோடு வேனோடு காத்திருந்தார். பின்னால் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர். "வாக்கா. இந்த வருஷமாச்சும் வந்தியே" என்றவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

வேடுபறி நடப்பது வேதராஜபுரத்தில், திருமணங்கொல்லை என்ற இடத்தில். கல்யாணம் முடித்துப் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையுமாகப் பெருமாள் வந்த வழி அது. அந்தக் கல்யாண கோஷ்டியைத்தான் ஆழ்வார் மறித்தார். ஸ்ரீரங்கத்தில் மார்கழியில் இராப்பத்தின் எட்டாம் நாள் மணல்வெளியில் இதே வேடுபறி நடக்கிறது. அதற்குக் கூட்டமும் அதிகம், டி.வி.யும் வரும். ஆனால் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் மண்ணில், வயலுக்கு நடுவில், நடுநிசியில் பார்ப்பது வேறு.

பதினோரு மணிக்கு மேல் பையனுக்குக் கண் சொக்கியது. ஆயாவின் மடியில் சாய்ந்தான். சுண்டல் விற்பவர், பலூன்காரர், கைக்குழந்தைகளை ஏந்திய பெண்கள். பெருமாளும் தாயாரும் மணக்கோலத்தில் வந்து இறங்கியிருந்தார்கள். திடீரென்று தூரத்தில் வெளிச்சம்.

ஆயா அவனை உலுக்கினார். "எழுந்திருடா. வரார்."

இருட்டுக்குள்ளிருந்து தீவட்டிகள் ஓடி வந்தன. பத்து, இருபது, பிறகு எண்ண முடியவில்லை. நடுவில் ஆடல்மா என்னும் குதிரை வாகனத்தில் திருமங்கை மன்னன், கையில் வேலோடு. தூக்கி வருபவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. பெருமாளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எண்ணெய்ப் புகை, புழுதி, மேளம். பையன் எப்போது கண் பட்டையை மாட்டினான், எப்போது கத்தியை எடுத்தான் என்று தெரியாது. தாத்தாவின் தோளில் ஏறி உட்கார்ந்து அவனும் கத்திக்கொண்டிருந்தான்.

அதே இடத்தில், அதே வயதில், அவன் அப்பாவும் ஒரு தோளில் உட்கார்ந்து கத்தியிருக்கிறான். கொஞ்சம் வளர்ந்த பிறகு தீவட்டிக்காரர்களோடு ஓடியிருக்கிறான். ஒரு வருடம் சட்டையில் பொறி பட்டு ஓட்டை விழுந்தது. அந்தச் சட்டையை ஆயா வெகுநாள் தூக்கிப் போடவில்லை.

நகைகளையெல்லாம் பறித்தாயிற்று. மாப்பிள்ளையின் கால்விரல் மோதிரம் ஒன்று மட்டும் கழற்ற வரவில்லை. ஆழ்வார் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாராம். அப்படியும் ஒரு மிடுக்கனா என்று பெருமாளே மெச்சி, 'கலியன்' என்று பேர் வைத்தாராம். பிறகு மூட்டையைக் கட்டித் தூக்கிப் பார்த்தால் அசையவில்லை. என்ன மந்திரம் போட்டாய் என்று மிரட்டினார். பெருமாள் காதைக் கொண்டுவரச் சொல்லி எட்டெழுத்து மந்திரத்தைச் சொன்னார். கொள்ளைக்காரர் அந்த இடத்திலேயே பாட ஆரம்பித்தார். பெரிய திருமொழி மட்டும் ஆயிரத்து எண்பத்து நான்கு பாட்டு.

பாசுரம் சேவிக்கும் குரல் எழுந்தபோது கூட்டம் அமைதியானது. பையன் தோளிலிருந்து இறங்கி வந்தான்.

"நகையைத் திருப்பிக் கொடுத்துட்டாரா ஆயா?"

"மூட்டைதான் தூக்கவே வரலையே."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்பாவுக்கு மட்டும் எப்படித் தூக்க வந்துச்சு?"

வீட்டில் அவன் முன்னால் யாரும் அதைப் பேசியதில்லை. பேசாததையெல்லாம் பிள்ளைகள்தான் முதலில் கேட்டுவிடுகிறார்கள். ஆயா பதில் சொல்லவில்லை. பனிக்குத் துண்டை எடுத்து அவன் தலையில் சுற்றிவிட்டார்.

திரும்பும் வழியில் வேன் குலுங்கியது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தம்பி டார்ச்சை அணைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். யாரிடம் என்றில்லாமல் ஆயா சொன்னார்: "தூக்கிட்டான். எங்கேயும் கொண்டுபோய் இறக்கி வைக்கத்தான் முடியலை அவனால."

தம்பி "ம்" என்றார்.

தம்பி வீட்டில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, விடிவதற்குள் கிளம்பினார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வெளிச்சம் வந்திருந்தது. பையன் பெஞ்சில் சுருண்டு மறுபடி தூங்கிப்போனான். கண் பட்டை நெற்றிக்கு ஏறியிருந்தது. ஆயா டீ வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு மணி. கட்டைப் பைக்குள் போன் அடித்தது.

அட்டைக் கத்தியை விலக்கிவிட்டு போனை எடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓயப்போகிற நேரத்தில் பச்சையைத் தொட்டார்.

"ம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இவ்வளவு நாள் எடுக்காதவர் எடுத்தால் என்ன பேசுவது என்று தோலா வழக்கனுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

"சிதம்பரத்துல இருக்கேன்" என்றார் ஆயாவே. "வேடுபறிக்குப் போயிட்டு... ஆமா, புள்ளையும் வந்தான். தூங்குறான்... கூட்டமா? முன்னைக்கு இப்ப ஜாஸ்தி."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, ஆயா கேட்டுக்கொண்டிருந்தார். முந்தானையால் ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கடலூர், பாண்டி! கடலூர், பாண்டி!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"பஸ் வந்துடுச்சு. வெச்சிடுறேன். அடுத்த வாரம் பேசு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பையனை எழுப்பினார்.