சாபமா, வரமா?

அக்டோபர் மாதத்தில் ஆஸ்திரேலியா போகும் வாய்ப்புக் கிடைத்தால், சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு விமானம் ஏறிவிடாதீர்கள். தரை வழியாகவே போங்கள். அங்கே அது வசந்த காலம். ஆல்பரி நகர்ப் பக்கம் மேய்ச்சல் நிலங்களில் ஊதாப் பட்டை விரித்தது போலப் பூத்துக் கிடக்கும். கண்கொள்ளாக் காட்சி!

அந்தச் செடி 'எக்கியம்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் விரியன் பாம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் தோட்டத்து வழியோரங்களில் முளைக்கும் தேள்கொடுக்குச் செடி இதற்கு உறவு. இங்கே தேள், அங்கே பாம்பு!

மத்தியதரைக் கடல் நாட்டுச் செடி இது. 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆல்பரி அருகே 1880களில் பேட்டர்சன் குடும்பத்தார் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார்களாம். அது வேலி தாண்டியது, வயலெல்லாம் பரவியது. 'பேட்டர்சன் சாபம்' என்று பெயரும் பெற்றது.

பெயர் பொருத்தம்தான். இதைத் தொடர்ந்து தின்னும் குதிரைகளுக்கு ஈரல் கெடும். 2003இல் கான்பராவில் காட்டுத்தீ புல்லை அழித்தபின் இந்தச் செடியைத் தின்று நோயுற்ற 40க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் தென் ஆஸ்திரேலியாவில் இதே செடிக்கு 'மீட்பு ஜேன்' என்று பெயர்! வறண்ட இடங்களில் ஆடுகளுக்கு இது தீவனம். தேனீ வளர்ப்போருக்கோ இந்தப் பூதான் பிழைப்பு.

ஆகவே, பூச்சிகளை விட்டு இதை ஒழிக்க அரசு ஆராய்ச்சியாளர்கள் முனைந்தபோது, தேனீக்காரர்களும் ஆடு வளர்ப்போர் சிலரும் நீதிமன்றம் போய் 1980இல் தடை வாங்கினார்கள். 1984இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. விசாரணை நடந்து, 1988இல்தான் தடை நீங்கியது. பின்னர் பூச்சிகள் விடப்பட்டன. பூ குறைந்த இடங்கள் உண்டு, அடியோடு ஒழியவில்லை. மண்ணில் விழுந்த விதை பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும்.

நீங்கள் போனால் ஆசை தீரப் பாருங்கள்; படம் எடுங்கள். பறிக்க வேண்டாம், இலையின் சுணை கையை அரிக்கும். வண்டி ஏறுமுன் காலணியையும் உதறிவிடுங்கள்.

ஊர் திரும்பியபின் வாசலுக்கென்று புதிய அயல்நாட்டுச் செடி ஒன்றை வாங்கும்போது, வேலிக்கு அப்பால் இருப்பது யாருடைய நிலம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பேட்டர்சன் வீட்டாரும் அழகுக்காகத்தானே நட்டார்கள்!