சாமையும் சம்பளமும்

பகலைத் தனியார் பள்ளியின் கரும்பலகைக்கும், மாலையைக் குழந்தைகளின் வீட்டுப்பாடத்துக்கும் கொடுத்தது போக எஞ்சும் இரவில், செம்மேட்டு வீட்டுத் திண்ணையில் சாமை அரிசியைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கியிருக்கிறோம். லாபமா? என் மனைவியும் இதைப் படிப்பாளாகையால் மௌனம் சாதிக்கிறேன்.

ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி கொல்லிமலைச் சரிவுகளை ஆக்கிரமிக்க, சாமையும் பனிவரகும் ஒதுங்கிக்கொண்டிருந்த 1990களில் இங்கு பணி தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், பழம்பெருமையை உபதேசிப்பதோடு நில்லாமல், பின்னர் உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களில் நிறுவி மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டதே விவேகமான காரியம் என்பேன். சாமையின் உமி லேசில் விடாது; உரலில் இடிப்பதும், முறத்தில் புடைப்பதும், மறுபடி இடிப்பதுமாக, காட்டு வேலை முடித்து வந்த பெண்ணின் அந்திப்பொழுதை அது அடியோடு விழுங்கிவிடும். அந்தப் பிரயாசை குறைந்த பிறகுதான் மாவும் ரவையும் விற்பனைச் சரக்காயின.

அவர்கள் போட்ட பாதையில் நடப்பதால் எங்கள் சிரமம் சொற்பமே. கல் பொறுக்குவது நான். தராசு பெரியவளின் அதிகாரம். சின்னவனோ விலைச்சீட்டைத் தன் சட்டையில் ஒட்டிக்கொள்கிறான். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு மனுச் செய்தாகிவிட்டது. 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் கடைகளுக்குச் சரக்கு போய்ச் சேர, இனி பஸ் கண்டக்டரிடம்தான் பேசவேண்டும்.