நிழலை வெட்டுகிறவர்கள்

கொடைக்கானல் என்றதும் ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் பிரயண்ட் பூங்காவையும் நினைத்துக்கொள்கிற நமக்கு, பழனி மலை அந்த 7,000 அடி உச்சியோடு முடிந்துவிடவில்லை என்பதும், அதன் கீழ்ச்சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று எத்தனையோ கிராமங்கள் காட்டு நிழலிலேயே தோட்டம் வைத்து ஜீவனம் நடத்துகின்றன என்பதும் லேசில் ஞாபகத்துக்கு வருவதில்லை. 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கிய லெவிஞ்சு துரையை அறிந்தவர்களிலும், பழனி பஞ்சாமிர்தத்துக்கு உயிரான விருப்பாச்சி மலைவாழை விளைகிற தோட்டத்தை நேரில் கண்டவர்கள் சிலரே. நானும் அந்தப் பாமரக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன்தான்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை வத்தலக்குண்டில் பஸ் ஏறி, சித்தரேவு வழியாக மலைப் பாதையில் வளைந்து வளைந்து பெரும்பாறையையும் தடியன்குடிசையையும் கடந்து, தாண்டிக்குடிக்குச் சற்று முன்னதாகவே இறங்கிக்கொண்டேன். சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் கால்வைத்த சிறிது நேரத்தில், நான் நடப்பது காட்டிலா தோட்டத்திலா என்ற மயக்கம் உண்டாகிவிட்டது. தலைக்கு மேலே பலாவும் முள்முருங்கையும் சில்வர் ஓக்கும் கவிந்திருக்க, அவற்றின் உடலைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி ஏற, இடைநிலையில் வாழையும் ஆரஞ்சும் நிற்க, அனைத்துக்கும் அடியில் காபிச் செடிகள் பச்சைக் காய்களைத் தாங்கி அடக்கமாக நின்றன. வேலியும் இல்லை, வரிசையும் இல்லை. பன்னிரண்டு அடிக்கு ஒரு குழி என்ற கணக்கு உண்டாம். பாறைக்கும் மரத்துக்கும் ஒதுங்கி ஒதுங்கி அந்தக் கணக்கு தன் வடிவத்தை இழந்திருந்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக நடக்கிற நிழல் கவாத்து அன்று நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் கொடுவாளைச் செருகிக்கொண்டு அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஒரு முள்முருங்கையில் ஏறினார். ஏறிய வேகத்துக்கு வெட்டவில்லை. கீழே குனிந்து காபிச் செடிமேல் விழும் வெளிச்சத்தைப் பார்ப்பதும், நிமிர்ந்து கிளையைப் பார்ப்பதுமாக வெகுநேரம் இருந்துவிட்டு, ஒரே ஒரு கிளையைத்தான் இறக்கினார்.

"நெழலு கூடிப்போனா வாழை நெட்டுக்குப் போயிரும், தார் சிறுத்துரும். நெழலே இல்லேன்னா வெயில்ல கருகிரும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும் ஐயா" என்றார், மேலிருந்தபடியே.

தார் வெட்டுவதில் இன்னொரு நுட்பம். வாழையை ஒரே வெட்டில் சாய்ப்பதில்லை. தண்டின் நடு உயரத்தில் பாதியளவு கொத்திவிட, மரம் தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல வளைய, கீழே சாக்கைத் தோளில் போட்டு நின்ற அம்மாள் ஒருவர், குழந்தையை வாங்குகிறவரைப் போல அந்தத் தாரைத் தோளில் வாங்கிக்கொண்டார். பிறகுதான் காம்பில் வெட்டு விழுந்தது. கறை சொட்டி முடிகிறவரை தாரைச் சருகின்மேல் கிடத்தி, அப்புறம் சும்மாடு கட்டி மேட்டுச் சாலைக்குச் சுமந்தார்கள். மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள் குதிரையில் ஏற்றுவதுண்டு. இங்கே தலைதான் குதிரை. அத்தனை தூரம் சுமப்பவருக்குக் கூலி போதுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

இந்த மலைவாழைப் பழத்தின் சதையில் ஈரம் குறைவு. நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் இவற்றோடு சேர்த்துப் பிசையும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாத காரணத்தால்தான் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. 2019-இல் அந்தப் பிரசாதத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் கோயிலைப் பற்றி எழுதின. சும்மாட்டைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

தோட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் வெறும் குழிகள். முடிக்கொத்து நோய் வந்த இடம் என்றார்கள். இலைகள் குறுகி, விரியாமல், உச்சியில் ஒரு கொத்தாகக் குவிந்து நிற்பதே அதன் அடையாளம். அசுவினிப் பூச்சி அதை ஒரு தூரிலிருந்து மறு தூருக்குச் சுமக்கும். எழுபதுகளில் பக்கத்துச் சிறுமலையின் வாழையை ஏறக்குறைய அழித்த வியாதி இது. மருந்து கிடையாது, கிழங்கோடு பெயர்த்து அழிப்பது ஒன்றே வழி. பக்கக்கன்றும் வைரஸைச் சுமந்து வருமாதலால், திசு வளர்ப்பில் உண்டாக்கிய கன்றுகளைக் கொண்டுவந்து நடுகிறார்கள். தம் தகப்பனார் வைத்த தூர்களைத் தம் கையாலேயே தோண்டியதை அந்தப் பெரியவர் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, இரவில் யானை வந்துபோன தடத்தைக் காட்டப் புறப்பட்டார். யானையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிடப் பெருமிதமே தூக்கலாக இருந்ததாக எனக்குப் பட்டது.

மாலையில் விடைபெறும்போது அவர் மறுபடியும் ஒரு பலா மரத்தடியில் அண்ணாந்து நின்றார். தாழ்வான ஒரு கிளையைக் கொடுவாள் முனையால் இருமுறை தட்டினார். கீழே இருந்த காபிச் செடியைப் பார்த்தார். வாளை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது கெடக்கட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

மேலே சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.