உம்மாவின் குரலும் நான்கு வால்வுகளும்

வால்வு என்றதும் எங்கள் பக்கத்தில் பலருக்கு சைக்கிள் டியூப்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவது வேறு வால்வு. கண்ணாடிக் குமிழ் ஒன்றிலிருந்து காற்றை வெளியேற்றி, உள்ளே ஒரு சூடான உலோகத்தையும், அதைச் சுற்றி ஒரு கம்பிவலையையும், அதற்கும் வெளியே ஒரு தகட்டையும் வைத்து மூடினால் அது வால்வு. சூடேறிய உலோகம் இலத்திரன்களை உமிழும். அவை தகட்டை நோக்கி ஓடும். நடுவிலுள்ள வலைக்குக் கொடுக்கும் சிறிய மின்னழுத்தம் அந்த ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். வாய்க்கால் மதகை ஒரு விரலால் அசைத்து வயல் முழுவதற்குமான தண்ணீரை ஆளுவதைப் போன்றது இது. 1904இல் பிளெமிங் வலையில்லாத வால்வைச் செய்தார். 1906இல் லீ டி பொரெஸ்ட் வலையைச் சேர்த்தார். வானொலி, ஒலிபெருக்கி, பேசும் படம் எல்லாம் அதற்குப் பிறகு பரவியவைதான்.

எங்கள் மூத்தப்பாவிடம் ஒரு வால்வு றேடியோ இருந்ததாம். மின்சாரம் வராத காலத்தில் பெரிய பெற்றறியில் ஓடியதாம். எனக்கு விபரம் தெரிந்தபோது அதன் மரப்பெட்டியில் கோழி அடைகிடந்தது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்ரர் வால்வை வீடுகளை விட்டே துரத்திவிட்டது. சூடாகாது, உடையாது, சட்டைப்பைக்குள்ளும் அடங்கும். உலகம் வால்வைக் கைவிட்டதில் எந்த அநியாயமும் இல்லை.

ஆனால் எல்லோரும் கைவிடவில்லை என்பதை 2022இல்தான் அறிந்தேன். கட்டாரில் இருபது வருடம் ஹோட்டல்களுக்கு ஒலியமைப்புப் பூட்டும் வேலை செய்த என் மச்சான், கொரோனாவோடு ஊருக்கு வந்திருந்தவர், பொருளாதாரம் விழுந்த அந்த வருடம் மறுபடியும் பயணம் போகத் தீர்மானித்தார். போகுமுன் ஒரு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "இதப் பூட்டி வெச்சா பூஞ்சணம் புடிக்கும் மச்சான். நீங்க கேளுங்க. புடிச்சா எடுங்க, காசப் பொறவு பாப்பம்" என்றார்.

போலந்து நாட்டில் ஒரு குடும்பம் கையால் செய்கின்ற பெலிக்ஸ் ஓடியோ யூபோரியா அது. ஹெட்போனுக்கு மட்டும் என்றே செய்த அம்ப்ளிபயர். முதுகில் நான்கு வால்வுகள் நிற்கும். இரண்டு 6எஸ்.என்.7, இரண்டு 6ஏ.எஸ்.7 வகை. இவற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1940களில் செய்யப்பட்ட எனியாக் என்ற பிரமாண்டமான கணினியில் பதினேழாயிரத்துக்கும் அதிகமான வால்வுகள் இருந்தன. அவற்றில் 6எஸ்.என்.7 பெருந்தொகை. 6ஏ.எஸ்.7 பாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் காவல்காரனாகச் செய்யப்பட்டது. ஆனால் நிறைய மின்னோட்டத்தைத் தாராளமாகக் கொடுக்கக்கூடியது என்பதால், இடையில் ட்ரான்ஸ்போமர் வைக்காமலேயே ஹெட்போனை நேரே ஓட்டுவதற்கு அதைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்குக்கும் காவலுக்கும் உழைத்த பொருள் பாட்டுக் கேட்பதற்கு வந்து சேர்ந்த கதை எனக்குப் பிடித்திருந்தது.

புதிதாக வாங்கினால் அப்போது இரண்டாயிரம் யூரோவுக்கு மேல். அந்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியிருந்தது. ஒரு ஆசிரியனின் ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம் என் மேசையில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மச்சான் கேட்டது அதில் மூன்றிலொன்றுக்கும் குறைவு. அதுவும் சும்மாவா? என் மனைவி பெட்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது சோறு ஆக்குமா?" என்று கேட்டாள். ஆக்காது. ஆனால் சோற்றுப்பானை வைக்குமளவு சூடாகும். நான்கு வால்வின் சூடாக்கிக்கே நாற்பது வாற்றுக்குக் கிட்டப் போகும். பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்த 2022 மார்ச் கடைசி நாட்களை நினைத்துப் பாருங்கள். கரண்ட் வந்ததும் ஊரார் தண்ணீர் மோட்டரைப் போட, நான் வால்வைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

மச்சான் ஊரில் நின்ற கடைசி இரண்டு வாரமும் இஷாவுக்குப் பிறகு வந்து எனக்குக் கேட்கப் பழக்கினார். அவருடைய முதற்பாடம், கொஞ்சம் சத்தம் கூடிய எதுவும் நல்லதாகத்தான் கேட்கும் என்பது. ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடுவதற்கு முன் இரண்டினதும் சத்தத்தை மீற்றரால் அளந்து சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒப்பிடுவது கருவியை அல்ல, சத்தத்தை. ஒப்பிடுவதற்கென்று உள்ளங்கையளவான ஒரு சீனத் திரான்சிஸ்ரர் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். விலை ஒரு நல்ல சாரன் நான்கின் விலை. இரண்டையும் சமப்படுத்தி, மேலே துணியைப் போட்டு மூடி, மாற்றி மாற்றித் தந்தார். ஹெட்போன் ஒன்றுதான், 300 ஓம் சென்ஹைசர் எச்.டி. 650.

பத்துத் தடவையில் எட்டுத் தடவை எது வால்வு என்று சரியாகச் சொன்னேன். காரி அப்துல் பாஸித்தின் கிறாஅத்தைக் கேட்டபோது தயங்கவே இல்லை. அவர் நீண்ட மூச்சில் ஓதி முடித்து நிறுத்துகின்ற இடத்தில், அந்த மௌனத்துக்குள் பள்ளிவாசலின் விசாலம் தெரியும். வால்வில் அந்த விசாலம் பக்கத்தில் வந்து உட்காரும். நாகூர் ஹனிபா வேறு விதம். அவருடைய குரலுக்கு மைக்கே மிகை என்று சொல்வார்கள். 2015இல் அவர் மௌத்தானபோது எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் நாள் முழுவதும் அவர்தான் ஒலித்தார். வால்வில் அந்தக் குரலின் கூர் கொஞ்சம் மழுங்கி, நெஞ்சுப்பகுதி பெருத்துக் கேட்டது. அழகுதான். ஆனால் கந்தூரி மேடையின் ஹனிபா கொஞ்சம் கழன்றுபோனது போலவும் இருந்தது.

இசை கேட்பது கூடுமா கூடாதா என்று என்னோடு வாதாட வருகின்ற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு இங்கே இடம் ஒதுக்கப்போவதில்லை.

ஏன் அப்படிக் கேட்கிறது என்று மச்சானைக் குடைந்தேன். அவர் வியாபாரி அல்லாதபடியால் உண்மையைச் சொன்னார். ஒன்று, வால்வு தான் பெருப்பிக்கின்ற ஒவ்வொரு சுருதியோடும் அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணில் ஒரு மெல்லிய நிழலைச் சேர்த்துவிடுகிறது. அது அடுத்த ஸ்தாயியின் அதே சுரம் ஆகையால் காது அதைப் பிழையென்று பிடிப்பதில்லை, இனிமையென்று எடுத்துக்கொள்கிறது. மற்றது கணக்கு. அந்த ஹெட்போனின் தடை பெயருக்கு 300 ஓம் என்றாலும், 100 ஹேர்ட்ஸை அண்டிய தாழ்ந்த சத்தத்தில் அது 500 ஓம் வரை ஏறும். இடையில் ட்ரான்ஸ்போமர் இல்லாத வால்வுக் கருவிகளின் வெளியீட்டுத் தடை அதிகம். உதாரணத்துக்கு 100 ஓம் என்று வையுங்கள். 300க்கு நான்கில் மூன்று பங்கு மின்னழுத்தம் போய்ச்சேரும், 500க்கு ஆறில் ஐந்து பங்கு. அதாவது தாழ்ந்த சத்தம் ஒரு டெசிபலுக்குக் கிட்ட உயர்ந்துவிடும். திரான்சிஸ்ரர் பெட்டியில் அந்த வித்தியாசம் வராது. "வால்வு பொய் சொல்லும் மச்சான். ஆனா இனிப்பாச் சொல்லும்" என்றார்.

அவர் பயணமான பிறகு, அவர் விட்டுப்போன பழைய கசற் டெக்கில் எங்கள் வீட்டிலிருந்த ஒரு கசற்றைப் போட்டேன்.

இதை வாசிக்கின்றவர்களில் நாற்பதைத் தாண்டிய பலருக்குக் கசற்-கடிதம் என்னவென்று தெரிந்திருக்கும். மத்திய கிழக்குக்குப் போன வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் நாங்கள் எழுதியதை விடப் பேசியனுப்பியதே அதிகம். விடுமுறையில் வந்து திரும்புகின்ற யாராவது ஒருவரின் கையில் அறுபது நிமிடக் கசற் போகும், அதே போல் ஒன்று வரும். எங்கள் வாப்பா 1988 முதல் தம்மாமில் இருந்தார். சவூதியிலும் அது கிழக்கு மாகாணம்தான். உம்மா 1990ஆம் ஆண்டின் கடைசியில் பேசியனுப்பிய கசற், வாப்பாவின் சூட்கேசில் திரும்பி வந்து, எப்படியோ தப்பிக் கிடந்தது. உம்மா மௌத்தாகிப் பன்னிரண்டு வருடமாகிறது.

1990 என்றால் என்னவென்று கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாளில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் இரவில் பள்ளியடியில் காவலிருக்க, பெண்கள் பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்தில் படுத்தோம். எனக்குப் பதினொரு வயது. பெண்கள் பக்கத்தில் படுப்பதா, காவலுக்குப் போவதா என்று தெரியாத வயது.

அந்தக் கசற்றில் இவை ஒன்றும் இல்லை. "நாங்க எல்லாரும் சுகமா இரிக்கம். நீங்க யோசிக்காதீங்க" என்று உம்மா தொடங்குவா. கோழி விலை, கூரை ஒழுக்கு, ராத்தாவின் காதுகுத்துக்கு வந்தவர்கள், கடைசியில் ஒரு தாலாட்டுக் கவி. இடையில் நான் சூறா ஒன்றை ஓதுகிறேன். வேகமாக ஓதி முடித்துவிட்டு ஓடுகின்ற காலடியும் கேட்கும். சின்ன றேடியோவில் பல தடவை போட்டுக் கேட்ட கசற்தான்.

யூபோரியாவில் போட்டபோது எழுந்துபோக முடியவில்லை. உம்மாவின் குரல் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு கதகதப்பாக வந்து நின்றது. அந்த இரவில் நான்கு தடவை கேட்டேன். விலை அப்போது ஒரு பொருட்டாகப் படவில்லை. மறுநாள், மச்சான் பழக்கிய பழக்கத்தினால், சத்தத்தைச் சமப்படுத்திச் சீனப் பெட்டியில் போட்டேன். குரல் மெலிந்துவிட்டது. கசற்றின் இரைச்சல் முன்னுக்கு வந்தது. அதோடு ஒரு 'டக்' கேட்டது. பிறகு இன்னொன்று. றெக்கோட் பட்டனை நிறுத்தி மறுபடி அழுத்துகின்ற சத்தம். "நாங்க எல்லாரும் சுகமா இரிக்கம்" என்பதற்கும் "நீங்க யோசிக்காதீங்க" என்பதற்கும் இடையில் ஒன்று. ராத்தாவின் பேச்சில் ஒன்று. கவியின் நடுவில் இரண்டு. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்து, சரிசெய்துகொண்டு தொடங்குகிறது. திரும்ப வால்வில் போட்டுத் தேடினேன். அங்கேயும் ஏழும் இருக்கத்தான் செய்தன. ஆனால் குரலின் திரட்சிக்குள் அமுங்கி, தேடுகிறவனுக்கு மட்டும் கேட்டன. எந்தக் கருவி உம்மாவைத் தருகிறது என்று பல நாள் யோசித்தேன். அளவையியல்படி விடை இலேசு. ஆனால் நான் நாலு தரம் கேட்டது மற்றதைத்தான்.

வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. உயர்ந்த சத்தங்கள் அவருக்குக் கேட்பது குறைவு. தயங்கித் தயங்கித்தான் ஹெட்போனைத் தலையில் வைத்தேன். முதலில் வால்வு. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் கையை உயர்த்தினார். "நல்லாத்தான் இரிக்கி மனே. ஆனா உங்கட உம்மா இவ்வளவு ஆறுதலாக் கதைக்க மாட்டா" என்றார். சீனப் பெட்டிக்கு மாற்றினேன். இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஓம். இது அவதான்" என்றார்.

'டக்' சத்தத்தைப் பற்றி நான்தான் தொடங்கினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "ஏழு" என்றார்.

தம்மாமில் பன்னிரண்டு பேர் படுக்கின்ற அறையில், ஒரு பாகிஸ்தானியின் பிளேயரைக் காதோடு வைத்து அன்றைக்கே எண்ணியிருக்கிறார். எண்ணிவிட்டுத் தானும் ஒரு கசற் பேசி அனுப்பினார். "இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்ல" என்று. குவைத் யுத்த காலம் அது. 1991 பெப்ரவரியில் தம்மாமுக்குப் பக்கத்தில் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீடொன்றில் ஏவுகணை விழுந்தது. "உங்கட உம்மா நான் எத்தின தரம் நிப்பாட்டின எண்டு எண்ணியிருப்பா. கேக்கல்ல, நானும் கேக்கல்ல" என்றார். அந்தக் கசற் எங்களிடம் இல்லை.

மச்சானுக்கு முதல் தவணைக் காசை அனுப்பிவிட்டேன். சீனப் பெட்டியையும் விலை சொல்லச் சொன்னேன், சிரித்துவிட்டு இனாம் என்றார். வால்வில் இரவுக்கு அப்துல் பாஸித் ஓதுகிறார், சில வேளை ஹனிபா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் வாப்பா தானாகவே வந்து மேசையடியில் உட்காருவார். அவருக்குச் சின்னப் பெட்டி. நாடா தேய்ந்துவிடும் என்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவர் அதைக் கேட்பதில்லை, கசற்றைத்தான் போடச் சொல்கிறார்.