வாபஸ் ஆகாத புகார்

எங்கள் பாகப்பிரிவினை வழக்கு பாளையங்கோட்டை கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தடித்ததால் வக்கீலை மாற்ற முடிவு செய்தோம். பழையவர் கேஸ் கட்டைத் தர மறுத்தார். அப்பா வாங்கிய நிலத்தின் ஒரிஜினல் கிரையப் பத்திரம் அதில்தான் இருந்தது. “பாக்கி ஃபீஸை வச்சுட்டுக் கட்டை எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றார் குமாஸ்தா. பாக்கி எவ்வளவு என்று அவர்கள் எழுதித் தரவில்லை. கொடுத்ததற்கு என்னிடம் ரசீதும் இல்லை.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-லேயே ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு. புது வக்கீல் இதைச் சொன்னதும் சென்னையிலுள்ள பார் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பினேன். அறம், ஒழுக்கம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. நான் பழைய வக்கீல் வாசலில் நின்ற மாதிரி அவரும் எங்காவது போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முகாந்திரம் இருந்தால் புகார் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். மூன்று பேர், மூவரும் வக்கீல்கள். வக்கீலை வக்கீலே விசாரித்தால் விளங்கினாற்போலத்தான் என்று ஊரில் சிரித்தார்கள். ஆனால் சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. எங்கள் குடும்பச் சண்டை முழுவதையும் என் வாயாலேயே சொல்லவைத்தார்கள்.

நடுவில் அவரே வீடு தேடி வந்து கட்டை மேஜைமேல் வைத்தார். பத்திரத்தின் ஓரத்தில் டீக்கறை, மடிப்பில் செலோ டேப். “பழகின தோசத்துக்கு வாபஸ் வாங்கிருங்க அண்ணாச்சி, பிள்ளைகுட்டிக்காரன்.” பத்திரம் கைக்கு வந்ததும் என் ஆத்திரமும் வடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

குழு ஏற்கவில்லை. புகார்தாரர் சமாதானமாகிவிட்டார் என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. என் பத்திரம், என் புகார், இவர்களுக்கென்ன என்று எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் ஆபீஸ் அலமாரியில் என் கட்டோடு நாடா கட்டிக் கிடந்த மற்றக் கட்டுகளையும் பார்த்தவன் நான். அந்தக் கட்சிக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அவர் சமாதானம் பேசப் போயிருக்க மாட்டார்.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் தண்டனை மூன்றுதான்: கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் தடை, பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். நஷ்டஈடு வேண்டுமென்றால் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும். அவருக்குக் கிடைத்தது கண்டனம். சக்சேனா வழக்கிலும் 18 மாதத் தடையைக் கண்டனமாகக் குறைத்தார்கள். ஆனால் அதுவரை சட்டம் தெளிவாக இல்லை என்ற நியாயம் அங்கே இருந்தது. தெளிவான பிறகும் அதே தண்டனை என்பது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம் இருந்தது. நான் போகவில்லை.